பேர் விழாத வீட்டுக்கு ஒரு பிடி

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் அரிசிக்கடை வாசலில் வழக்கமான வரிசை நிற்கிறது. கண் தெரியாதவர், கால் வராதவர், புருஷன் விட்டுப்போனவள், குடித்தே கெட்ட இரண்டு பேர். நான் பித்தளைத் தட்டும் கையுமாக ஒவ்வொருவராகத் தாண்டி வருகிறேன். தட்டில் செப்புச் சல்லி. ஆளுக்கு ஒன்று.

வரிசையின் கடைசியில் நின்றவள் மட்டும் கையை நீட்டவில்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நனைந்த கம்பளியின் வாடை அவள்மேல் அடித்தது. நான் சல்லியை நீட்டியபடி நின்றேன். கடைக்குள் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"பிடிம்மா, நேரமாகுது" என்றேன், எரிச்சலோடு.

அவள் முகத்தைத் தூக்கினாள். பேச்சி! பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள்.  அவள் இந்த வரிசையில் வந்து நிற்பதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நான்தான்.

அப்புத்தளை வாசகருக்கு

அப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர் இந்தப் பத்திக்கு எழுதியிருக்கிறார். "வாராவாரம் ரயில், மாட்டுவண்டி, அட்டைக்கடி என்றே போகிறதே! உங்கள் குடும்பம் தர்மத்துக்குப் பேர்போனதாயிற்றே, அதைப் பற்றி ஒரு வாரம் எழுதக்கூடாதா? கூலியைக் கூட்டு, கூலியைக் கூட்டு என்று கத்துகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்" என்கிறார்.

எழுதுகிறேன் ஐயா. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி வராது. இத்தனை வாரம் இதைத் தள்ளிப் போட்டதே அதனால்தான். எனக்கு வயதாகிவிட்டது. நல்லவன் வேஷம் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார முதுகு ஒத்துழைப்பதில்லை.

வெள்ளிக்கிழமைத் தட்டு என் அப்பா ஆரம்பித்தது. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கால்நடையாக இந்த மலைக்கு வந்தவர். வழியில் பசி மயக்கத்தில் விழுந்தபோது எவரோ ஒருவர் கஞ்சி ஊற்றினாராம். சொந்தமாகக் கடை வைத்தால் வாரம் ஒருநாள் தர்மம் செய்வேன் என்று அன்றைக்கே நேர்ந்துகொண்டாராம். "தர்மம் தலைகாக்கும்டா" என்பார். ஒரு வெள்ளி தவறினாலும் கூரை ஒழுகி மூட்டை நனைந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

அதே அப்பா வண்டிக்காரனிடம் வாடகையில் கால் சதத்துக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார். வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு போவான். மறுநாள் வெள்ளிக்கிழமை என்றால் அதே கை வாரி வழங்கும். சின்ன வயதில் இது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. கடை என் கைக்கு வந்த பிறகும் படவில்லை.

கோயில் பானை

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றது. கொழும்பிலிருந்து வரும் அரிசி மூட்டையை அங்கே இறக்கி, பாதியைப் பதுளைக்கும் பாதியைப் பேச்சி வேலை செய்த தோட்டத்துக்குமாக வண்டியில் ஏற்றுவோம். அந்தத் தோட்டத்துக்கு ஊசிமலை என்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம். அதை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

மாதத்துக்கு ஒருதரம் நானே வண்டியோடு போவேன். மேட்டில் மாடு நுரை தள்ளும். பனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் லாந்தர்கூடத் தெரியாது. தேயிலை வாட்டுகிற வாசனை மட்டும் மூக்கில் ஏறும். அதை வைத்துத்தான் தோட்டம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். கோயில் என்ன கோயில், நாலு தகரமும் ஒரு கல்லும்தான். அங்கே ஒதுங்கினேன். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முந்தானைக்குள் மூடிய கை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. கையைப் பானைக்குள் விட்டு எதையோ போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஒருத்தி போட்டதை அடுத்தவள் பார்க்கவில்லை.

"என்னம்மா இது, நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன்.

நான் கேட்டது காளியம்மாவிடம். லயத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். அவள் பேசினால் அடுத்த மலையில் எதிரொலிக்கும்.

"நேத்தியும் இல்ல, கடனும் இல்லைங்க மொதலாளி. ஒல வைக்கிறதுக்கு முந்தி ஒரு பிடி அரிசி எடுத்து வச்சிருவோம். பேரு விழாத வீட்டுக்கு."

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போனால் ஒரு பேர் விழுந்தது என்பார்கள். பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. காய்ச்சலில் படுத்தவள், பிள்ளை பெற்றவள், காலை உடைத்துக்கொண்டவன் வீட்டில் பேர் விழாது. பேர் விழாத வீட்டில் அடுப்பும் எரியாது. வாரக் கடைசியில் யாராவது ஒருத்தி இந்தப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாள். போட்டவர்கள் யார் என்ற பேச்சே கிடையாது.

"இப்ப யாருக்குப் போகுது?"

"நம்ம பேச்சிக்குத்தான். பாவம், கை போயி பத்து மாசமாச்சு."

பேச்சி அந்தத் தோட்டத்திலேயே கை வேகம் உள்ளவள். இரண்டு தேயிலை நிரையைச் சேர்த்துப் பிடித்து எடுப்பாள் என்று சொல்வார்கள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. மழைநாளில் கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது கால் வழுக்கி மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். மேலே இருந்து உருண்ட கல் வலது கைமேல் வந்து உட்கார்ந்தது. கை பிழைத்தது, விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. ஒற்றைக் கையால் கொழுந்து எடுக்க முடியுமா? பேர் நின்றது.

அன்றைக்கு நான் கண் கலங்கிப் போனேன். பொய்யில்லை. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பானையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் வாய்

பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை முடிந்த சமயம். அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. கப்பல் வரவில்லை என்றார்கள், பர்மாவில் விளையவில்லை என்றார்கள். நாங்கள் வியாபாரிகள், எங்களுக்கு விலை ஏறினால் ஏற்றி விற்கத் தெரியும். தோட்டத்து ஆளுக்கு எதை ஏற்றி விற்பது? கூலி நின்ற இடத்திலேயே நின்றது. கஞ்சியில் அரிசியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை நான் போனபோது காளியம்மா வண்டியை மறித்தாள். பின்னால் இருபது முப்பது பெண்கள்.

"மொதலாளி, நீங்க தொரையோட பாஷை பேசுவீங்கல்ல? எங்களுக்காக ஒரு வார்த்த பேசணும். ஒரு பேருக்கு அஞ்சு சதம் கூட்டச் சொல்லுங்க. கங்காணிகிட்டச் சொன்னா அது அவரு வேட்டி மடிப்புலயே தங்கிப் போகுது."

பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் இங்கிலீஷ் படித்தவன் நான். பெண்கள் கூட்டமாக வந்து கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஆபீசுக்கு நடந்தேன். அவர்கள் முற்றத்தில் மழைத் தூறலில் நின்றார்கள்.

துரை கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் வந்தால் லயத்துக்குள் குனிந்து போய்க் கொய்னா கொடுப்பார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா, நேராகச் சாராயக்கடைக்குப் போகும், வீட்டுக்கு ஒரு சதம்கூடப் போகாது என்றார். இந்த ஜனங்களுக்கு மிச்சம் பிடிக்கத் தெரியாது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்த பானையை இவர் பார்க்கவில்லையே! மடமடவென்று பேசினேன். "துரை அப்படிச் சொல்லக்கூடாது. இந்தப் பெண்கள் தினம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஏழைகளுக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். பத்து மாதத்துக்கு மேலாக ஒருத்தியை உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களைக் குடிகாரர்கள் என்பதா?" என்றேன். நான் அவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

துரையின் முகம் மாறியது. "அப்படியா? காட்டு" என்று எழுந்தார்.

எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். அன்றைக்கு வாரக் கடைசிக்கு முந்தின நாள். பானை வாய்வரை நிறைந்திருந்தது. துரை கையில் இருந்த பிரம்பால் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

"நல்ல ஆளுகள்! மெத்த நல்ல ஆளுகள். தின்னு முடிஞ்சு இத்தனை அரிசி மிச்சம் இருக்குது. அப்போ கூலி போதும்."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காளியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. 

துரைக்கு மனம் இளகிவிட்டது. அதுதான் இன்னும் மோசம். "நானும் தர்மம் செய்கிறது. மாசம் ஒரு மூட்டை அரிசி, தோட்டத்துக் கணக்கில் இந்தப் பானைக்கு. கங்காணி பங்கு போடும்" என்றார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பங்களாவுக்குப் போனார்.

மூட்டை வந்தது

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கூலி கிடைக்கவில்லை, ஆனால் மூட்டை கிடைத்ததே என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி சிவகாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவங்க மூட்டையா கேட்டாங்க?" என்றாள் அவள்.

"கேக்கலதான். ஆனா வந்த மட்டும் லாபந்தானே?"

"யாருக்கு லாபம்? அந்த மூட்டை எந்தக் கடையிலேருந்து போகும்?"

"நம்ம கடையிலேருந்துதான்."

அவள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மூட்டை கங்காணி கைக்குப் போயிற்று. கங்காணி கைக்குப் போன பிறகு பேர் விழாத வீடு எது என்று அவர்தான் முடிவு செய்தார். கும்பிட்ட வீட்டுக்கு இரண்டு கொத்து. முறைத்த வீட்டுக்கு நாளைக்கு வா. நல்ல நாளிலேயே நாழிப்பால் கறக்காத மாடு, பஞ்சத்தில் என்ன கறக்கும்?

பெண்கள் பிடியரிசி போடுவதை நிறுத்தினார்கள். கூடிப் பேசித்தான் நிறுத்தினார்கள். பானையில் அரிசி இருக்கும்வரை துரை அதைக் காட்டிக் காட்டியே கூலி போதும் என்பார் என்று காளியம்மா சொன்னாளாம். பேச்சியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்களாம். பேச்சியே எழுந்து போய், இடது கையால் பானையைக் கவிழ்த்து வைத்தாளாம்.

"என்ன எதுக்குடி பாக்குறீங்க? அஞ்சு சதம் கெடைக்கட்டும் மொதல்ல" என்றாளாம்.

இதையெல்லாம் அடுத்த மாதம் காளியம்மா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் ஒன்று சேர்த்தாள். "கூலி வாங்கித் தரச் சொல்லிக் கூட்டிட்டுப் போனோம். மூட்டைய வாங்கிக் குடுத்து எங்க பானையக் கெடுத்துட்டீங்களே மொதலாளி! அது எங்க வீட்டுச் சங்கதிங்க. அத எதுக்கு அவருகிட்டக் காட்டுனீங்க?"

நான் அவர்களைப் பற்றி நல்லதாகத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்தேன். அவள் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

கொஞ்ச நாளில் யாரோ ஒரு பெரிய துரை தோட்டம் பார்க்க வந்தார். மூட்டையை வெளியே வைத்து, அதில் வாங்கித் தின்பவர்களையெல்லாம் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி சலாம் வைக்கச் சொன்னார் கங்காணி. பேச்சியும் போனாள். வலது கை மடங்கிப் போனவள் இடது கையைத் தூக்கினாள். இடது கையால் சலாம் வைக்கலாமா என்று கங்காணி அதட்டினாராம். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு அரிசி இல்லை. பானையும் கவிழ்ந்து கிடந்தது.

மறுபடி அந்த வெள்ளிக்கிழமை

பேச்சி எல்ல என்ற ஊர்ப் பக்கமாக இறங்கி, இரண்டு நாள் நடந்து பதுளைக்கு வந்திருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அரிசிக்கடையில் வெள்ளிக்கிழமை தர்மம் உண்டு என்று. அது என் கடை என்று அவளுக்குத் தெரியாது.

என்னைக் கண்டதும் அவள் திகைத்தாள். பிறகு சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"மொதலாளி கடையா இது? நல்லாயிருக்கீங்களா?"

"பேச்சி, இந்தா, தட்டோட எடுத்துக்கோ" என்று உளறினேன்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற குருட்டுக் கிழவர், அவள் வேண்டாமென்றால் தனக்கு இரண்டாகப் போடலாமே என்றார்.

"சல்லி வேணாங்க மொதலாளி. வேல இருந்தாக் குடுங்க. இந்தக் கை நல்லா இருக்கு" என்று இடது கையை விரித்துக் காட்டினாள். "பதினஞ்சு வருசம் நானும் அந்தப் பானையில போட்டவதாங்க. அதுல வாங்கித் தின்னப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இங்க வந்து நின்னா என்னமோ கூசுது."

கடைக்குப் பின்னால் மூன்று பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவார்கள், மிளகாய்க் காம்பு கிள்ளுவார்கள். அவர்களோடு அவளையும் உட்காரவைத்தேன். இடது கையால் அவள் கல் பொறுக்கிய வேகத்தைப் பார்த்து மற்ற மூன்று பேரும் தங்கள் முறத்தை மறந்துபோனார்கள். என் மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. செய்த பாவத்தைக் கழுவிவிட்டேன் என்று நினைத்தேன். ஆசைக்கு அளவேது!

மத்தியானச் சோறு

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கல் பொறுக்கும் பெண்களுக்கு மத்தியானம் சோறு உண்டு. சிவகாமியே ஆக்கிப் போடுவாள். கடைத்தெருவில் வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது. கூலி மட்டும் கொஞ்சம் குறைவு. சோறு போடுகிறோமே! ஊரில் எனக்கு இதனால் நல்ல பேர்.

ஒரு மாதம் போயிருக்கும். கூலி கொடுக்கிற நாளில் பேச்சி மட்டும் பின்தங்கி நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா மொதலாளி?"

"கேளு."

"இந்த மத்தியானச் சோறு வேணாங்க. அதுக்கு ஆகுறத கூலியில சேத்து, நாளுக்கு அஞ்சு சதம் கூட்டிக் குடுங்க. நாலு பேருக்குமே."

எனக்குச் சுரீரென்று வந்தது. நன்றி கெட்ட ஜென்மம் என்று நாக்குவரை வந்துவிட்டது. "வயிறு நெறையச் சோறு போடுறேன், இந்த ஊர்ல எவன் போடுறான்? சாப்பாடே இங்க ஆயிருது. அப்புறம் கூலி என்னத்துக்குக் கூட? இருக்கிறது போதும்" என்றேன்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். பேச்சி கோபப்படவில்லை.

"தொரையும் இதத்தானங்க சொன்னாரு" என்றாள்.

 தராசுத் தட்டை எடுத்து ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"சோத்துல கொற சொல்லலைங்க. அம்மா கை மணக்குது. ஆனா ஆக்கின சோத்துல எப்படிங்க பிடி எடுத்து வைக்கிறது? கூலியா வந்து, நானே அரிசி வாங்கி, ஒல வைக்கிறப்பத்தான ஒரு பிடி எடுத்து வைக்க முடியும்? நான் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு வண்டிக்காரன் பொண்டாட்டி பிள்ள பெத்துக் காய்ச்சல்ல கெடக்கா. நான் இங்க வயிறு முட்டத் தின்னுட்டு வெறுங்கையோட அவ வாசலத் தாண்டிப் போறேங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அன்று வீட்டில் சிவகாமியிடம் புலம்பினேன். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற தர்மத்தை இவள் வேண்டாம் என்கிறாளே என்றேன்.

"சோறு போட்டா கும்பிடுவாங்க. கூலி குடுத்தா எவ கும்பிடப்போறா? வேல செஞ்சேன், வாங்கினேன்னு நிமிந்து போயிருவா. அதான் உங்களுக்குக் கசக்குது" என்றாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் என்னை அதைவிடக் கடுமையாகப் பேசியதில்லை.

யோசித்தேன். ஒரு மாதம் யோசித்தேன். அதற்குள் ஊசிமலையிலிருந்து சேதி வந்தது. ஆட்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெயர்ந்து போகத் தொடங்கியதும் துரை பயந்துபோய்க் கூலியைக் கூட்டிவிட்டாராம். பெண்கள் கேட்டது ஐந்து சதம், கொடுத்தது மூன்று. பானையை நிமிர்த்திவிட்டோம் என்று பேச்சியிடம் சொல்லச் சொல்லி எங்கள் அரிசி வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள் காளியம்மா. கேட்டதும் பேச்சி மிளகாய்க் குவியலை விட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மிளகாய் நெடி கண்ணில் ஏறிவிட்டது என்றாள்.

அவள் அங்கே திரும்பிப் போகவில்லை. அங்கே அவளுக்குப் பேர் இல்லை.

நானும் கூட்டினேன். மத்தியானச் சோற்றை நிறுத்தி, நாளுக்கு மூன்று சதம் கூட்டினேன். துரை மூன்று கொடுத்தபோது நான் மட்டும் ஐந்து கொடுக்க வேண்டுமா என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, தட்டை எடுக்கப் போகிற வழியில் பார்க்கிறேன், கல் பொறுக்கும் மூலையில் ஒரு புது மண்பானை. அந்த மூன்று பெண்களும் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அரிசியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பேச்சி கடைசியாகத் தன் இடது கையை உள்ளே விட்டு எடுத்தாள்.

எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. பக்கத்தில் வாய் பிரித்த மூட்டை இருந்தது. நல்ல சம்பா. ஒரு பெரிய பிடியாக அள்ளிக்கொண்டு பானையிடம் போனேன்.

பேச்சி பானையின் வாயைக் கையால் மூடினாள்.

"வேணாங்க மொதலாளி."

"ஏன், என் அரிசி கசக்குமா?"

"அதுக்கில்லைங்க. இது எங்களுக்குள்ள நாங்க போட்டுக்கிறது. உங்க பிடிய எங்க கூலியில போடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொறுக்கிய கற்கள் தகரத்தில் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரம் மூடிய கையோடு அங்கேயே நின்றேன். பிறகு அரிசியை மூட்டையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வரிசை காத்திருந்தது.

மீதி இரண்டு சதத்தை அந்த வருஷம் முழுக்க நான் கூட்டவில்லை. தட்டு மட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை.